ஹட்டன் நூலும் அதன் பதிப்பாசிரியரும்

புதிய உண்மையொன்றைக் கண்டவனை உலகம் போற்றுகின்றது. அவ்வுண்மை பிறர் கைக்கு எட்டுமாறு நூலை விளக்கியும் திருத்தியும் அச்சேற்றியும் வைத்தவனை உலகம் பெரும்பாலும் மறந்துவிடுகின்றது. நூலாசிரியன் பெயர் முகப்பிலே பெரிய எழுத்தில் நிற்கப் பதிப்பாசிரியன் பெயர் அதன் கீழே சிறிய எழுத்தில் நிற்கும். சில வேளைகளில் அதுவும் நில்லாது. ஆயினும் அறிவியல் வரலாற்றை ஊன்றி நோக்குவார்க்கு, பல பெருநூல்கள் நிலைபெற்றமை பதிப்பாசிரியரின் உழைப்பினாலேயே என்பது புலனாகும். பதிப்பாசிரியர் செய்யும் நன்மையோடு, அவர் தம்மையறியாது செய்யக்கூடிய தீமையும் அங்கே புலனாகும். இவ்விரண்டுக்கும் சிறந்த சான்றாக அமைவது, ஜேம்ஸ் ஹட்டன் இயற்றிய ‘புவிக் கொள்கை’ என்னும் நூலின் வரலாறாகும்.

பாறைகளையும் அவை உணர்த்தும் பூமியின் பழஞ்சரிதத்தையும் ஆராயும் துறை புவிச்சரிதவியல் எனப்படும். அத்துறையின் தந்தை எனப் போற்றப்படுபவர் ஹட்டன். இவர் 1726 ஆம் ஆண்டில் ஸ்கொத்லாந்தின் தலைநகராகிய எடின்பரோவிற் பிறந்தார். லைடன் பல்கலைக்கழகத்தில் 1749 ஆம் ஆண்டில் மருத்துவப் பட்டம் பெற்றாராயினும் மருத்துவத் தொழிலை மேற்கொண்டிலர். தமக்கு உரிமையான நிலத்திற் பல்லாண்டு வேளாண்மை செய்தார். உழுத வயலின் மண்ணை மழைநீர் ஓடைக்கும், ஓடை ஆற்றுக்கும், ஆறு கடலுக்கும் கொண்டு செல்வதை அவர் நாள்தோறும் கண்டார். நிலம் இவ்வாறு தேய்ந்துகொண்டே போகுமாயின் ஒருகாலத்தில் உலகில் நிலமே இல்லாது போகுமன்றோ என்னும் வினா அவர் உள்ளத்தில் எழுந்தது.

அவ்வினாவுக்கு அவர் கண்ட விடையே அவருடைய கொள்கை. தேய்ந்த நிலத்தின் மண்ணும் மணலும் கடலடியிற் படைபடையாகப் படிகின்றன. பூமியின் உள்ளேயுள்ள வெப்பத்தால் அவை இறுகிப் பாறையாகின்றன. அவ்வெப்பமே அவற்றைக் கடல்மட்டத்துக்கு மேலே உயர்த்திப் புதிய நிலமாக்குகின்றது. அந்நிலமும் மீண்டும் தேய்கின்றது. இவ்வாறு ஆக்கமும் அழிவும் மாறிமாறி நிகழ்வதற்கு அளவிடற்கரிய நெடுங்காலம் வேண்டும். பூமியின் வயது ஏறக்குறைய ஆறாயிரம் ஆண்டே என்னும் எண்ணம் மேலைநாடுகளிற் பரவியிருந்த காலத்தில், பாறைகளின் சரிதத்திலே தொடக்கமோ முடிவோ தென்படவில்லை என்று ஹட்டன் முடிவு கூறினார்.

இக்கொள்கை 1785 ஆம் ஆண்டில் எடின்பரோ அரச கழகத்தின் கூட்டங்களில் முதன்முதல் வெளிப்படுத்தப்பட்டது. மார்ச்சு மாதக் கூட்டத்தில் ஹட்டன் நோயுற்றிருந்தமையால் அவர் நண்பரும் புகழ்பெற்ற இரசாயன அறிஞருமாகிய ஜோசேப் பிளாக் கட்டுரையை வாசித்தார். ஏப்பிரில் மாதக் கூட்டத்தில் ஹட்டன் தாமே வாசித்தார். கட்டுரை முழுவடிவில் 1788 ஆம் ஆண்டில் அச்சாகியது. 1793 ஆம் ஆண்டில் அயர்லாந்து அறிஞர் ரிச்சாட் கேர்வன் அதனைக் கடுமையாக மறுத்தெழுதினார். அம்மறுப்பு ஹட்டனை நூலெழுதத் தூண்டியது. நோயின் துன்பத்தைப் பொருட்படுத்தாது உழைத்து, 1795 ஆம் ஆண்டில் ‘புவிக் கொள்கை’யை இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார். நூல் நான்கு பாகங்களாக அமையும் என்று முகப்பிலே குறிக்கப்பட்டிருந்தது. அவற்றுள் இரண்டே வெளிவந்தன. 1797 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஹட்டன் காலமானார்.

வெளிவந்த இரண்டு தொகுதிகளும் எளிதில் வாசிக்கத்தக்கனவாக அமையவில்லை. இரண்டும் சேர்ந்து ஆயிரத்து நூறு பக்கங்களுக்கு மேற்பட்டன. வாக்கியங்கள் நீண்டு பின்னிக்கிடந்தன. கூறியது கூறல் மிக்கிருந்தது. பிறநாட்டு அறிஞரின் பிரெஞ்சு நூல்களிலிருந்து எடுத்த நெடும்பகுதிகள் மொழிபெயர்க்கப்படாமலே இடையிடையே வைக்கப்பட்டிருந்தன. நேரிற் பேசுங்கால் தெளிவும் இனிமையும் வாய்ந்தவர் என நண்பரால் வியக்கப்பட்ட ஹட்டனுக்கு எழுத்திலே அத்தெளிவு கைவரவில்லை. நூலைப் புகழ்ந்தோரும் இகழ்ந்தோரும் அதனை முற்றும் வாசித்தனர் என்பதற்கில்லை. மேலும், சேர்மனியில் வேர்ணர் என்பார் பாறைகள் யாவும் ஆதிக் கடல்நீரிலிருந்து படிந்தனவே என்று கற்பித்து வந்தார். அவர் மாணவராகிய ரொபேட் ஜேம்சன் 1804 ஆம் ஆண்டில் எடின்பரோப் பல்கலைக்கழகத்திலேயே பேராசிரியராக அமர்ந்தார். ஆகவே, ஹட்டன் பிறந்த ஊரிலேயே அவர் கொள்கை மறையக்கூடிய நிலை தோன்றியது.

அந்நிலையை மாற்றியவர் ஜோன் பிளேபெயர். 1748 ஆம் ஆண்டிற் பிறந்த இவர் முன்னர்க் கிறித்தவ குருவாயிருந்து, பின்னர் எடின்பரோப் பல்கலைக்கழகத்திற் கணிதப் பேராசிரியரானவர். ஹட்டனின் நெருங்கிய நண்பர். 1788 ஆம் ஆண்டில் ஹட்டனும் பிளேபெயரும் ஜேம்ஸ் ஹோல் என்பாரும் படகேறிச் சென்று, ஸ்கொத்லாந்தின் கிழக்குக் கரையிலுள்ள சிக்கார் முனையைக் கண்டனர். அங்கே கரும்பாறைப் படைகள் செங்குத்தாக நிற்க, அவற்றின் தேய்ந்த முனைகளின் மீது செம்மணற்கற் படைகள் சிறிதே சாய்ந்து கிடக்கின்றன. கீழ்ப்படைகள் கடலிற் படிந்து, இறுகி, உயர்ந்து, மடிந்து, தேய்ந்து, மீண்டும் அமிழ்ந்தபின்னரே மேற்படைகள் அவற்றின்மீது படிந்திருத்தல் வேண்டும். அந்நெடுங்காலத்தை எண்ணியபோது தம் உள்ளம் மயங்கியதாகப் பிளேபெயர் பின்னாளில் எழுதினார்.

1802 ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூல் ‘ஹட்டனின் புவிக் கொள்கை விளக்கங்கள்’ என்பது. தமிழ் வழக்கிற் கூறுவதாயின் அஃது ஓர் உரைநூல் எனலாம். முற்பகுதியிலே கொள்கை சுருக்கமாகவும் ஒழுங்காகவும் எடுத்துரைக்கப்படுகின்றது. பிற்பகுதியிலே தனித்தனிக் குறிப்புகளாகச் சான்றுகளும் ஐயங்களுக்கு விடைகளும் வைக்கப்படுகின்றன. கற்போன் முதலிற் கொள்கையின் முழுவடிவத்தை இடையூறின்றி அறிந்து, பின்னர் வேண்டிய இடத்தில் ஆழமாகச் செல்லலாம். சான்றும் கொள்கையும் மாற்றார் மறுப்பும் ஒன்றோடொன்று கலந்து கிடந்த மூலநூலை இவ்வாறு வகுத்தமைத்ததே பிளேபெயரின் முதற்பணி. கணிதம் கற்பித்த கையின் ஒழுங்கு அந்நூலெங்கும் காணப்படும்.

அவர் வெறுமனே சுருக்கியவரல்லர். ஆறு ஒவ்வொன்றும் தன் அளவுக்கேற்ற பள்ளத்தாக்கில் ஓடுகின்றது என்பதையும், கிளையாற்றின் பள்ளத்தாக்குப் பேராற்றின் பள்ளத்தாக்கோடு ஒரே மட்டத்திற் சென்று கூடுகின்றது என்பதையும் எடுத்துக்காட்டி, ஆறுகளே தம் பள்ளத்தாக்குகளை அகழ்ந்தன என்று அவர் நிறுவினார். அது பிளேபெயர் விதி என்று இன்றும் வழங்குகின்றது. உரைகாரர் கூறிய விளக்கமே தனியொரு விதியாக நிலைத்தது.

பிளேபெயர் நூலின் பயன் விரைவிற் கண்கூடாயிற்று. 1815 ஆம் ஆண்டில் அது பிரெஞ்சு மொழியில் வெளிவந்தது. ஹட்டன் இறந்த 1797 ஆம் ஆண்டிலேயே பிறந்த சார்ள்ஸ் லையல், 1830 ஆம் ஆண்டு தொடக்கம் மூன்று தொகுதிகளாக வெளியிட்ட ‘புவிச்சரிதவியலின் தத்துவங்கள்’ என்னும் நூலால் இக்கொள்கையை உலகெங்கும் பரப்பினார். அந்த லையலுக்கும் ஹட்டன் மூலத்தோடு முழுப் பழக்கம் இருந்ததில்லை. ஹட்டனுக்கு உரிய பெருமையை லையல் போதியவாறு கொடுக்கவில்லை என்று 1839 ஆம் ஆண்டில் பிற்றன் என்னும் அறிஞர் குறைகூறியபோது, ஹட்டன் எழுத்துகளிற் பாதிக்கு மேல் தாம் வாசித்ததுண்டோ என்பது ஐயமே என்று லையல் அவருக்குக் கடிதத்தில் ஒப்புக்கொண்டார். மூலம் வாசிக்கப்படாமலே கொள்கை வாழ்ந்தது. அதனை வாழ்வித்தது உரை.

உரை தெளிவாக அமையும்போது மூலத்தை நாடுவார் குறைவர். அவ்விடத்தே உரைகாரர் எதனை விட்டார், எதனை முன்வைத்தார் என்பது பெரிய வினாவாகின்றது. ஹட்டன் பூமியை உயிர்கள் வாழ்வதன்பொருட்டு அறிவோடு அமைக்கப்பட்ட ஓர் இயந்திரமாகக் கருதியவர். மண் தேய்வது பயிருக்கு உணவாதற்பொருட்டு. தேய்ந்த நிலம் மீள எழுவது உயிர்க்குலம் தொடர்ந்து வாழ்தற்பொருட்டு. நோக்கம் பற்றிய இச்சிந்தனை அவர் கொள்கையின் உயிர்நாடி. பிளேபெயர் நூலில் அது பின்னே ஒதுங்கப் பாறைச் சான்றுகள் முன்னே வந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டினர் ஏற்றுக்கொள்ளத்தக்க ஹட்டனே அவர்களுக்குக் கிடைத்தார்.

பிளேபெயர் இதனை மறைவாகச் செய்தாரல்லர். தம் நூலைத் தம் பெயரால் வெளியிட்டு, ஹட்டன் கொள்கையின் விளக்கம் என்று முகப்பிலேயே கூறினார். ஹட்டன் பெயரில் மூலத்தைத் திருத்தி வெளியிட்டிருப்பின், எது ஹட்டன் சொல், எது பிளேபெயர் சொல் எனப் பிற்காலத்தார் பிரித்தறிய இயலாது போயிருக்கும். மூலமும் உரையும் தனித்தனி நின்றமையாலேயே இரண்டையும் ஒப்புநோக்கிக் குணங்குற்றம் காண முடிகின்றது. பதிப்புத்தொழிலின் முதல் அறம் இதுவே எனலாம்.

ஹட்டன் நூலின் எஞ்சிய பகுதி என்னவாயிற்று? 1805 ஆம் ஆண்டில் வெளிவந்த ஹட்டன் சரிதத்திலே, அச்சேறாத கையெழுத்துப் பிரதி உண்டென்று பிளேபெயர் குறித்தார். அப்பிரதியின் ஒரு பகுதி அவரிடமிருந்து அவர் நண்பர் வெப் சீமூர் பிரபுவிடம் சென்றது. தம் ‘விளக்கங்கள்’ நூலை விரிவாக்கிப் புதுப்பிக்கக் கருதிய பிளேபெயர் முதுமையிலே ஐரோப்பிய நாடுகளிற் பயணஞ் செய்தாராயினும், எண்ணம் நிறைவேறுமுன் 1819 ஆம் ஆண்டில் மறைந்தார். சீமூர் பிரபு இறந்ததும் அவ்வாண்டிலேயே. பின்னர் பிரதி லெனாட் ஹோர்னர் என்பாரை அடைந்தது. அவர் அதனை இலண்டன் புவிச்சரிதவியற் சங்கத்துக்கு அளித்தார். இந்த ஹோர்னர் லையலின் மாமனார். ஹட்டன் கொள்கையை உலகறியச் செய்தவரின் குடும்பத்தார் கைவழியாகவே ஹட்டனின் அச்சேறாத ஏடு நூலகத்துக்குச் சென்றமை வியத்தற்குரியது. சங்கத்தின் நூலகத்திலும் அது நெடுங்காலம் அச்சேறாது கிடந்தது.

அதனை அச்சேற்றியவர் சேர் ஆர்ச்சிபோல்ட் கீக்கி. 1835 ஆம் ஆண்டில் எடின்பரோவிற் பிறந்த இவர், 1882 ஆம் ஆண்டு தொடக்கம் பிரித்தானியப் புவிச்சரிதவியல் அளவைத் திணைக்களத்தின் தலைமைப் பணிப்பாளராக விளங்கியவர். பாடநூல்களும் வரலாற்று நூல்களும் எழுதியவர். இவர் பதிப்பித்த ‘புவிக் கொள்கை’ மூன்றாந் தொகுதியை அச்சங்கம் 1899 ஆம் ஆண்டில் வெளியிட்டது. ஹட்டன் இறந்து 102 ஆண்டுகள் கழிந்திருந்தன.

கிடைத்த பிரதி நான்காம் அத்தியாயத்தில் தொடங்கி ஒன்பதாம் அத்தியாயத்தோடு நின்றது. முதல் மூன்று அத்தியாயங்கள் கிடைக்கவில்லை. கீக்கி அவ்விடத்தைத் தம் சொல்லால் நிரப்பாது, உள்ளதை உள்ளவாறே பதிப்பித்தார். முன்னிரு தொகுதிகளுக்கும் சொல்லடைவு இல்லாதிருந்தமையால் அதனையும் ஆக்கிச் சேர்த்தார். நூறாண்டாக நூலினுள்ளே வழியறியாது திகைத்தவர்க்கு அஃது ஒரு விளக்காயிற்று. சொல்லடைவு ஆக்குதல் புகழ்தரும் வேலையன்று. பக்கந்தோறும் சொல்தேடிக் குறிக்கும் பொறுமையே அதற்கு வேண்டும். ஆயினும் அறிஞர் ஒரு நூலை வாசிப்பதும் வாசியாது விடுவதும் பல வேளைகளில் அதனைப் பொறுத்ததாகும்.

மூன்றாந் தொகுதியிலே வெளிப்பட்ட ஹட்டன், பாறைகளைத் தேடி மலையேறிய ஹட்டன். 1785 ஆம் ஆண்டில் கிளென் ரில்ற் என்னும் மலைப்பள்ளத்தாக்கில், செந்நிறக் கருங்கல் உருகிய நிலையிற் பிற பாறைகளின் வெடிப்புகளுட் பாய்ந்து உறைந்திருந்ததை அவர் கண்டார். அப்போது அவர் அடைந்த மகிழ்ச்சியைக் கண்ட வழிகாட்டிகள், அவர் பொன்னோ வெள்ளியோ கண்டெடுத்தார் என எண்ணினர் என்று பிளேபெயர் எழுதியுள்ளார். அப்பயணம், 1786 ஆம் ஆண்டின் கலோவேப் பயணம், 1787 ஆம் ஆண்டின் அரன் தீவுப் பயணம் ஆகியவற்றின் செய்திகளை ஹட்டன் தம் சொல்லிலேயே உலகம் அப்போதுதான் விரிவாகக் கேட்டது.

இங்கும் பதிப்பாசிரியரின் நிழல் படிந்தது. கீக்கி 1897 ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘புவிச்சரிதவியலை நிறுவியோர்’ என்னும் வரலாற்று நூலில், களத்திலே சான்றுகளைத் திரட்டிப் பின்னரே கொள்கை வகுத்தவராக ஹட்டனைக் காட்டினார். கீக்கி வாழ்நாளெல்லாம் களத்திலே உழைத்தவர். அவர் தம்மைப் போன்ற ஒருவரையே ஹட்டனிடத்தும் கண்டார் போலும். 1987 ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் ஸ்ரீவன் ஜே கூல்ட், ‘காலத்தின் அம்பும் காலத்தின் வட்டமும்’ என்னும் நூலில் இச்சித்திரத்தை மறுத்தார். கொள்கை அரச கழகத்தில் வாசிக்கப்பட்டது 1785 ஆம் ஆண்டின் முற்பகுதியில். கிளென் ரில்ற் பயணம் அவ்வாண்டின் பிற்பகுதியில். சிக்கார் முனைப் பயணம் மூன்றாண்டு கழித்து. ஆகவே, சிறந்த சான்றுகள் கொள்கைக்குப் பின்னரே வந்தன. ஹட்டன் முதலிற் சிந்தித்தார். பின்னரே தேடிச் சென்று கண்டார். கீக்கியின் வரலாற்றைத் திருத்துவதற்குக் கீக்கியே அச்சிட்டுக் காத்த தொகுதியின் பயணச் செய்திகளும் துணையாயின. தாம் கொண்ட கருத்துக்கு மாறான முடிவையும் பிறர் காணுமாறு மூலத்தைச் சிதைக்காது வைத்தலே நல்ல பதிப்பாசிரியரின் இலக்கணம். அவ்விலக்கணத்துக்குக் கீக்கி இலக்கியமானார்.

மூன்றாந் தொகுதியில் இன்னொரு குறையும் இருந்தது. ஹட்டன் தம் பயணங்களில் எல்டின் ஜோன் கிளார்க் முதலிய ஓவிய வல்லாரை உடன்கொண்டு சென்று, பாறைகளைப் படமாக வரைவித்திருந்தார். நூலுக்கென வரையப்பட்ட அப்படங்கள் கீக்கிக்குக் கிடைக்கவில்லை. 1968 ஆம் ஆண்டில் அவை கிளார்க் மரபினரின் பெனிக்குயிக் மாளிகைச் சேகரிப்பிற் கண்டெடுக்கப்பட்டன. எடின்பரோப் பேராசிரியர் கோர்டன் கிறெய்க் அவற்றைப் பதிப்பித்து 1978 ஆம் ஆண்டில் வெளியிட்டார். உரையும் படமும் ஒன்றையொன்று சேர 79 ஆண்டுகள் சென்றன. புவிச்சரிதவியலிலே படம் அலங்காரமன்று, அதுவே சான்று. படைகள் எவ்வாறு சாய்ந்தன, எப்பாறை எப்பாறையை ஊடறுத்தது என்பதைச் சொல்லாற் கூறுவது அரிது. கணியங்களை ஒத்துப்பார்க்கும் கவனத்தோடு படங்களையும் ஒத்துப்பார்த்தல் இத்துறைப் பதிப்பாசிரியரின் தனிக்கடனாகும்.

இன்று நூல்கள் மின்வழியிலே பரவுகின்றன. 1971 ஆம் ஆண்டில் தொடங்கிய குட்டன்பேர்க் திட்டத்தின் வாயிலாக, ஹட்டனின் முதலிரு தொகுதிகளும் இணையத்தில் விலையின்றிக் கிடைக்கின்றன. ஒருகாலத்திற் பெருநூலகங்களில் மட்டும் இருந்த நூலை இன்று எந்தக் கிராமத்து மாணவனும் வாசிக்கலாம். சொல்லடைவின் வேலையையும் கணினி நொடியிற் செய்கின்றது. ஆயினும் பதிப்பாசிரியரின் தொழில் முடிந்துவிட்டதென்று கருதுதல் பொருந்தாது. பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கில அச்சிலே ‘எஸ்’ என்னும் எழுத்துப் பல இடங்களில் ‘எப்’ என்பது போன்ற வடிவில் நீண்டு நிற்கும். பக்கத்தைப் படம்பிடித்து எழுத்தாக மாற்றும் இயந்திரம் ஒன்றை மற்றொன்றாகக் கொண்டு, சொல்லையே மாற்றிவிடும். மனிதர் ஒருவர் வரிவரியாக ஒப்புநோக்கினாலன்றி அப்பிழை நீங்காது. மடித்துவைத்த படங்களை விரிக்காமலே பக்கங்களைப் படம்பிடித்துச் செல்லும் வழக்கத்தால் எத்தனையோ பழைய நூல்களின் படங்கள் மின்பதிப்பிற் பயனற்றுப் போயுள்ளன. ஹட்டன் படங்களுக்கு நேர்ந்த கதி புதிய வடிவில் மீண்டும் நேர்கின்றது.

இந்நூலின் இருநூறாண்டு வரலாற்றிலே மூவகைப் பணிகள் புலனாகின்றன. பிளேபெயர் தெளிவு தந்தார். கீக்கி இழப்பினின்றும் காத்தார். கிறெய்க் பிரிந்தவற்றைச் சேர்த்தார். இவர்களுள் ஒருவரேனும் ஹட்டன் சொல்லைத் தம் சொல்லால் மாற்றி ஹட்டன் பெயரில் வழங்கினாரல்லர். அதனாலேதான் அவர்கள் செய்த பிழைகளும் திருத்தத்தக்க பிழைகளாக நின்றன. மூன்றாந் தொகுதியின் முதல் மூன்று அத்தியாயங்களோ பதிப்பாசிரியர் ஒருவர் கைக்கு எட்டவேயில்லை. நான்காம் பாகமும் வெளிவந்திலது. அவற்றில் ஹட்டன் கூறக் கருதியதை இனி எந்தப் புலமையாலும் மீட்டல் இயலாது. பிளேபெயர் போன்ற உண்மையுள்ள நண்பர் ஒருவர் இருந்தும் இவ்வளவு இழப்பு நேர்ந்ததெனின், பெட்டியிலும் பரணிலும் கிடக்கும் கையெழுத்துப் பிரதி எதுவாயினும் அதனை உரியகாலத்தில் ஒப்புநோக்கி அச்சேற்றுதல் எத்துணை அவசரமான கடமை என்பதை வேறாக எடுத்துரைக்க வேண்டியதில்லை.